மலாக்காத் தோட்டச் செக்ரோலும் முறியும் வரிகளும்

மலாயாவில் வணிக நோக்கிலான ரப்பர்ப் பயிரீட்டை 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் தொடங்கினார். பின்னர் ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் பெருகிய தோட்டங்களில் குடியேறிய தமிழரின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்குக் கிட்டும் சான்றுகளுள் தோட்டத்துச் செக்ரோல் குறிப்பிடத்தக்கது. அதன் ஒரு வரி பக்கம் மாறும்போது என்னவாகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. அற்பப் பொருளாகத் தோன்றலாம். ஆயினும் ஏட்டில் ஓர் ஆள் என்பது ஒரு வரியே.

விடியற்காலைப் பெரட்டில் ஆள் வந்திருக்கின்றாரா எனக் கண்டு கிராணியார் பெயருக்கு நேரே குறியிடுவார். நாள்தோறும் ஒரு கட்டம். அதன்பின் மொத்த நாள், கூலி, பிடித்தம், கைக்கு வரும் தொகை எனக் கட்டங்கள் நீளும். இத்தனையும் ஒரு தாளில் அடங்கா. எனவே விரித்த ஏட்டின் இடப்பக்கத்தில் பெயரும் வலப்பக்கத்தில் பணமும் அமைவது இயல்பு. தையல் உள்ளவரை வரி முறிவதில்லை. தாள்கள் பிரிந்தாலோ, பக்கம் பக்கமாக நகலெடுத்தாலோ, பெயர் ஓரிடத்திலும் உழைப்பு வேறிடத்திலும் போய்ச் சேர்கின்றன. பிரித்தானிய இந்தியக் குடிமதிப்பு அறிக்கைகளை அச்சிட்டோர் இவ்விடரை உணர்ந்து, வரிசை எண்ணை வலப்பக்கத்திலும் மீண்டும் இட்டனர். தோட்டத்து ஏடுகளில் அத்தகைய காப்பு இருப்பதை நான் கண்டதில்லை.

முறிவு நீளவாக்கிலும் நேர்கின்றது. அயல்நாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தபோது, ஜாசின் மாவட்டத் தோட்டமொன்றின் செக்ரோலைக் கணினியில் பெயர்த்தெழுதினேன். தொழிலாளியின் பெயரை மேலும் தந்தை பெயரைக் கீழுமாக ஒரே கட்டத்தில் இட்டிருந்தேன். பக்க முடிவில் வரி இரண்டாகி, தந்தையின் பெயர் அடுத்த பக்கத்தின் தலைப்பில் தனித்து நின்றது. அச்சுப்படியில் எண்ணியபோது அவரையும் ஒரு தொழிலாளியாகக் கொண்டுவிட்டேன். ஊரில் இறந்திருக்கக்கூடிய ஒருவர் மலாக்காவில் பால்மரம் வெட்டியவராகிவிட்டார்! முனியாண்டிகளும் முனியம்மாக்களும் நிறைந்த ஏட்டில் தந்தை பெயரே ஆளை வேறுபடுத்தும் குறி. அது பிரிந்தால் இருவர் ஒருவராவதும் உண்டு.

கங்காணி தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாள் கணக்கில் தலைக்காசு பெற்றார். ஆகவே ஒரு கங்காணியின் ஆட்களுக்குரிய வரிகளும் அவற்றின் மொத்தமும் பிரியாதிருத்தல் ஆய்வுக்கு இன்றியமையாதது. மொத்தம் மட்டும் மறுபக்கம் சென்றால் அது எவருடைய கணக்கு என்பது புலப்படாது.

ஏடுகள் சிதறியதற்குக் காரணமும் வரலாற்றிலேயே உண்டு. 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பலர் கைக்கு மாறின. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் இத்துண்டாடலின் விளைவே. நிலம் கைமாறும்போது பழைய ஏட்டைப் பேணும் கடமையை எவரும் எளிதில் ஏற்பதில்லை. 1980ஆம் ஆண்டின் பணிநிறுத்த ஈட்டுத்தொகை விதிகளோ பணியாண்டுகளை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டாண்டுக்குக் குறைந்தவர்க்கு ஆண்டுக்கு 10 நாள் கூலி, ஐந்தாண்டுக்குக் குறைந்தவர்க்கு 15, அதற்கு மேற்பட்டவர்க்கு 20 என அவை வகுக்கின்றன. ஆண்டுகளை மெய்ப்பிக்க வேண்டியவருக்குத் தம் வரி முழுமையாகக் கிடைத்தல் வாழ்வாதாரச் செய்தியாகும்.

மாணவர்தம் ஆய்வேடுகளுக்கு நாம் வழங்கும் அறிக்கை வார்ப்புருவில் இதற்குரிய ஏற்பாடு எளிது. வோர்ட் மென்பொருளின் அட்டவணைப் பண்புகளில், வரி பக்கங்களுக்கிடையே முறிய இசைவளிக்கும் குறியை நீக்குதல் வேண்டும். தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் மீள வருமாறு அமைத்தல் வேண்டும். ஒரு கங்காணியின் ஆட்களைச் சேர்த்தே நிறுத்த, மொத்த வரி நீங்கலாக அக்குழுவின் எல்லா வரிகளுக்கும் 'அடுத்ததோடு சேர்' என்னும் பத்தி அமைப்பை இடலாம். குழு ஒரு பக்கத்தை விஞ்சினால் இது பயன் தராது. அவ்விடத்துக் கங்காணியின் பெயரை ஒவ்வொரு வரியிலும் மீண்டும் எழுதுவதே வழி. என் பட்டியலையும் அவ்வாறே திருத்தினேன். ஓர் ஆள் குறைந்தார்.