பொருள்நோக்குச் செய்நிரல் வலைத்தளங்களிற் புகுந்த வரலாறு

கணினிக்குச் செய்நிரல் எழுதும் முறைகளுட் செயல்முறை, பொருள்நோக்கு என்னும் இரண்டு பெரிதும் வழங்குவன. செய்யவேண்டிய செயல்களைச் சார்புகளாக வகுத்து ஒன்றன்பின் ஒன்றாக இயக்குவது முன்னையது. ஒரு பொருளுக்குரிய தரவையும் அதன் செயல்களையும் ஓரிடத்தே சேர்த்துக் கட்டுவது பின்னையது. நோர்வே நாட்டினரான ஒலே-யோகான் டால், கிறிஸ்தன் நைகார்ட் ஆகியோர் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியே பொருள்நோக்கு முறைக்கு ஊற்றாகும். எனினும், வலைத்தளங்களை ஆக்கியோருட் பலர் இம்முறையை நெடுங்காலம் நாடினாரல்லர். பி.எச்.பி. மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

கிறீன்லாந்திற் பிறந்த றஸ்மஸ் லேடோவ், தம் சொந்த வலைப்பக்கத்தின் பொருட்டு 1994இல் எழுதிய சிறு கருவிகளே அம்மொழியின் தொடக்கம். 1998இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் வகுப்புகள் இடம்பெற்றன; ஆயினும் அவை பெயரளவினவே. 2000இல் வந்த நான்காம் பதிப்பிலும் ஒரு பெருங்குறை நின்றது. ஒரு பொருளைச் சார்பொன்றுக்கு அளித்தால், அப்பொருள் செல்லாது அதன் படியே சென்றது. கணக்கொன்றைக் குறிக்கும் பொருளைச் சார்புக்குக் கொடுத்து அங்கே தொகையைக் குறைத்தால், குறைந்தது படியின் தொகையே, மூலம் மாறாதிருந்தது. இதனைத் தவிர்க்க விரும்பியோர் அதற்கென ஒரு தனிக்குறியை இட வேண்டியிருந்தது. அக்குறியை ஓரிடத்தில் மறந்தாலும் பிழை நேரும். அப்பிழையைத் தேடிக் காண்பதோ அரிது. 2004 யூலையில் வந்த ஐந்தாம் பதிப்பே இக்குறையை நீக்கியது.

செயல்முறையைக் கையாண்டோரை அறியாதார் என இகழ்வாருமுளர். அது நேரிய கருத்தன்று. சில பக்கங்களே கொண்ட தளத்துக்கு வகுப்புகளும் இடைமுகங்களும் வீண் சுமையேயாம். தளங்கள் பெருகிப் பலர் கூடி எழுதத் தொடங்கிய பின்னரே, ஒருவர் எழுதியதை மற்றொருவர் கெடுக்காவண்ணம் வேலியிடும் தேவை எழுந்தது.

அத்தேவைக்குக் கொடுக்கப்பட்ட விலையை ட்றூப்பல் என்னும் வலைத்தள அமைப்பிற் காணலாம். பெல்ஜிய நாட்டினரான ட்றீஸ் பைதாட் அதனை 2001இல் வெளியிட்டார். குறித்த முறையிற் பெயரிட்ட ஒரு சார்பை எழுதினாற் போதும். அமைப்பு அப்பெயரைக் கொண்டே அதனைக் கண்டு இயக்கும். கொக்கி எனப்பட்ட இவ்வழியால், முறையாகப் பயிலாதவரும் தம் தளத்தைத் தாமே விரித்தனர். 2015 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்போ, சிம்பொனி என்னும் பொருள்நோக்குத் தொகுதியின் கூறுகளைத் தழுவியது. பெருந்தளங்களுக்கு அது நன்மையே. சிறு தளங்களைத் தனித்து நடத்தியோர்க்குத் தாம் கற்றவற்றுட் பெரும்பகுதி பயனற்றுப்போயிற்று. இம்மாற்றத்தை ஏற்காத சிலர் ஏழாம் பதிப்பினின்றும் கிளைத்து, பாக்ட்றொப் என்னும் வேறோர் அமைப்பை அவ்வாண்டுச் சனவரியிலேயே வெளியிட்டிருந்தனர். ஏழாம் பதிப்பைக் கைவிட இயலாதார் பலராயினமையின், அதற்குரிய ஆதரவு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2025 சனவரியிலேயே முடிவுற்றது.

எட்டாம் பதிப்பும் கொக்கிகளை முற்றாக விலக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. அவற்றை வகுப்புகளுள் எழுதும் வழி 2024 டிசெம்பரில் வந்த 11.1ஆம் பதிப்பிலேதான் திறந்தது.