பனியில்லாத கிறிஸ்துமஸ்

பனி என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு காரியங்களுக்கு வைத்திருக்கிறோம். மார்கழி விடியற்காலையில் வைக்கோற்போர் மேல் முத்து முத்தாக நிற்பதும் பனி; ஐரோப்பாவில் வீட்டுக் கூரைகளை மூடிக் கிடப்பதும் பனி. புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனின் கடலோரத்தில், பனித்திட்டு என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. திட்டு என்றால் நீர் நடுவே மேடிட்ட நிலம். சின்னஞ்சிறு தீவு என்றும் சொல்லலாம். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் வாழ்த்து அட்டைகளில் வரும் வெள்ளைவெளேரென்ற கிறிஸ்துமஸ்தான் எனக்கு ஞாபகம் வரும். நேரில் போய் நின்றாலோ மணலும் படகுகளும் வெயிலும்தான்!

ஆனால் இந்தக் கடற்கரைச் சீமையிலிருந்து கப்பலேறி, பனியே விழாத ஒரு தீவில், கிறிஸ்துமஸ் சமயம் பார்த்துக் கரையிறங்கிய தமிழர்கள் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான குவாதலூப்தான் அந்தத் தீவு.

1848-ஆம் வருஷம் பிரெஞ்சு சர்க்கார் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ஒழித்ததும், கரும்பை இனி யார் வெட்டுவது என்ற கேள்வி எழுந்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்களில் பலருக்கு, சாட்டையடி பட்ட தோட்டத்துக்கே மறுபடி கூலிக்குப் போக மனம் வரவில்லை. முதலாளிகளின் பார்வை கிழக்கே திரும்பியது. மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல்கள் காத்திருந்தன. 'ஓரேலி' என்ற கப்பல் 344 பேரைச் சுமந்துகொண்டு, 1854 டிசம்பரில், கிறிஸ்துமஸை ஒட்டிக் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் துறைமுகத்தை அடைந்தது. அந்தத் தீவில் இறங்கிய முதல் இந்தியர் கூட்டம் அதுதான்.

கதை எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கற்பனை ஓடாமல் இருக்குமா? மாதக் கணக்கில் கடலையே பார்த்த கண்களுக்குத் தென்னையும் வாழையும் தெரிந்திருக்கும். நம் ஊர் மார்கழியைப் போன்றே இதமான காற்று. மாதாகோயில் மணி ஒலித்திருக்கும். யாருக்கோ திருநாள், இவர்களுக்குத் தலை எண்ணும் நாள்.

தை பிறந்தால் நமக்குக் கரும்பும் பொங்கலும். அங்கேயும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் கரும்பு வெட்டு ஆரம்பமாகும். இங்கே வாசலில் சாத்தி வைத்து அழகு பார்த்த கரும்பு, அங்கே எஜமானனாகிவிட்டது. 1889 வரை சுமார் 42,000 பேர் அப்படிப் போய் இறங்கினார்கள். ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. நோயிலும் வேலையிலும் மாண்டவர்கள் ஏராளம்.

மிஞ்சியவர்கள் என்ன செய்வார்கள்? மாரியம்மனை விடவில்லை, அவள் பெயர்தான் கிரியோல் நாவில் 'மாலியேமின்' ஆயிற்று. அதோடு ஞானஸ்நானமும் வந்தது, கிறிஸ்துமஸும் வந்தது. அந்த விருந்திலே பன்றியிறைச்சியும் பெருவள்ளிக் கிழங்கும் பச்சைத் துவரையும் இல்லாமல் தீராது. துவரை நம் தேசத்துப் பயிர். ஆப்பிரிக்கா போய், அங்கிருந்து அடிமை வியாபாரக் காலத்திலேயே அட்லாண்டிக்கைத் தாண்டி, 'அங்கோலாப் பயறு' என்று பெயரும் வாங்கியிருந்தது. ஓரேலியில் போனவர்களுக்கு முன்பே, அவர்கள் வீட்டுத் துவரை அங்கே போய்க் காத்திருந்தது!

விருந்தில் இடம் கிடைத்ததே தவிர, வாக்காளர் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. இந்தியர் வயிற்றில் பிறந்தவன் அந்நியன்தான் என்றார்கள் அதிகாரிகள். 1863-இல் அந்தத் தீவிலேயே பிறந்த ஆன்றி சிதம்பரம் என்பவர் இதை எதிர்த்து 1904-இல் வழக்காடப் புகுந்தார். முடிவு கிடைக்க 1923 ஆயிற்று. பத்தொன்பது வருஷம்! அதன் பிறகே அந்த மண்ணில் பிறந்த இந்தியர் பிள்ளைகள் பிரஜைகளானார்கள்.

ஓரேலி கரை சேர்ந்து நூறாவது வருஷத்தில், 1954 நவம்பர் முதல் தேதி, பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டுப் போயிற்று. இங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் இந்தியர்களானார்கள். 1946-லேயே பிரான்சின் ஒரு மாவட்டமாகிவிட்ட குவாதலூப்பில், கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்துவிட்டார்கள்.

இன்றும் அங்கே டிசம்பர் பிறக்குமுன்பே அக்கம்பக்கத்தார் வீடுவீடாகக் கூடி 'சாந்தே நுவேல்' பாடுகிறார்கள். பழைய பிரெஞ்சுக் கீர்த்தனைக்குக் கிரியோல் தாளம். நம் மார்கழி பஜனை மாதிரிதான். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பெயர் தாங்கியவர்களும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அவர்கள் 'கொலோம்போ' என்று சொல்லிச் சமைப்பது நம் குழம்பின் திரிபு என்பாரும் உண்டு, கொழும்பின் பெயர் என்பாரும் உண்டு. எதுவானால் என்ன? வாயில் மொழி போய்விட்டது, ருசி தங்கியிருக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து அந்தப் பண்டிகையை வாங்கியவர்களிடம் போய், பனியில்லாத கிறிஸ்துமஸும் ஒரு கிறிஸ்துமஸா என்று யார் கேட்க முடியும்?