அறுவைக்கு அப்புறம் 20 வருஷம்

ரெண்டு மாசம் முன்னாடி ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு சிநேகிதன் போன் பண்ணான். 2017-ல எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் செஞ்சுகிட்டவன். 131 கிலோ இருந்தவன் ஒன்றரை வருஷத்துல 87-க்கு வந்தான். அப்போ அவன் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. பழைய பேண்ட்டோட ஒரு கால்ல ரெண்டு காலையும் விட்டுகிட்டு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினான். இப்போ 99.

"தோத்துட்டேன்டா"ன்னான். "வாயைக் கட்டாம வயித்தை வெட்டி என்ன புண்ணியம்னு வீட்ல கேக்கறாங்க." மூணு வருஷமா செக்கப்புக்கே போகலையாம். டாக்டர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கூச்சம்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியலை. நான் டாக்டர் கிடையாது, பழைய கதைகளைத் தோண்டிப் படிக்கிற கிறுக்கு மட்டும் உண்டு. அதனால தோண்டினேன். அறுவை சிகிச்சை பத்தின பதிவு, கொஞ்சம் அறுவையாவும் இருக்கும். முன்கூட்டியே சொல்லிட்டேன் :-)

கதை ஆரம்பிக்கிறது அமெரிக்காவில, மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல. 1954-ல க்ரெமன், லின்னர், நெல்சன்னு மூணு பேர் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. நாய்களோட சிறுகுடல்ல எந்தப் பாதி போனா என்ன ஆகும்னு பார்த்த ஆராய்ச்சி. கீழ்ப்பாதி போனா கொழுப்பு உறிஞ்சறது குறையுது, எடையும் குறையுது. அப்போ குண்டா இருக்கிற மனுஷனுக்கும் குடலைச் சுருக்கி வெச்சா? யோசனை நியாயமாத்தான் பட்டுச்சு.

அதைப் பெரிய அளவுல கையில எடுத்தவர் கலிபோர்னியாவில இருந்த பெய்ன். 1956-ல தொடங்கி 10 பேருக்குச் சிறுகுடலோட மேல்பகுதியை நேரா பெருங்குடல்ல கொண்டுபோய் இணைச்சார். எடை மடமடன்னு இறங்குச்சு. ஆனா வயித்துப்போக்கு நிக்கலை, உடம்புல உப்புச்சத்து தாறுமாறாச்சு. வேண்டிய எடைக்கு வந்ததும் இணைப்பைப் பிரிச்சுப் பழையபடி வெச்சுடலாம், குறைஞ்ச எடை குறைஞ்சதாவே இருக்கும்ங்கறதுதான் திட்டம். பிரிச்சாங்க. எடை திரும்ப வந்துடுச்சு.

இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கட்டுரை வந்தது 1963-ல. எடை குறைஞ்ச உடம்பு அந்த எடையிலயே தங்கறதில்லை, பழைய இடத்துக்குப் போகத்தான் பார்க்கும்னு அப்பவே கண்ணு முன்னாடி தெரிஞ்சிருக்கு. ஆனா இன்னிக்கும் எடை திரும்பினா நாம திட்டறது அந்த ஆளைத்தான்.

சரி, கதைக்கு வருவோம். அடுத்து வந்த முறையில சிறுகுடலோட மேல்பகுதியில 35 சென்டிமீட்டர், கடைசியில 10 சென்டிமீட்டர், இந்த ரெண்டு துண்டை மட்டும் சேர்த்து உணவுப் பாதையா விட்டாங்க. ஏறக்குறைய 6 மீட்டர் குடல்ல மிச்சமெல்லாம் ஓரமா முட்டுச்சந்து மாதிரி சும்மா கிடக்கும். 1960கள், 70கள்ல ஆயிரக்கணக்கான பேருக்கு இதைச் செஞ்சாங்க. ரெண்டு வருஷக் கணக்கைப் பார்த்தா அற்புதம். பத்து வருஷக் கணக்கு வேற மாதிரி. உறிஞ்சப்படாத கொழுப்பு குடல்ல இருக்கிற கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். சாதாரணமா ஆக்ஸலேட்டைக் கட்டிப்போடறது அந்தக் கால்சியம்தான். அது இல்லாததால ஆக்ஸலேட் ரத்தத்துல ஏறி கிட்னியில கல்லா மாறும். முட்டுச்சந்துக் குடல்ல கிருமி பெருகி மூட்டு வலி. சிலருக்குக் கல்லீரலே செயலிழந்து போய் உயிர் போயிருக்கு. 1980கள் தொடக்கத்துல இந்த ஆபரேஷனையே கைவிட்டாங்க. ஏற்கனவே செஞ்சுகிட்டவங்கள்ல பலருக்கு மறுபடி வயித்தைத் திறந்து மாத்திவிட வேண்டியதாச்சு.

இதுக்கு நடுவுல அயோவா பல்கலைக்கழகத்துல எட்வர்ட் மேசன்னு ஒரு சர்ஜன். அல்சருக்காக இரைப்பையில பெரும்பகுதியை எடுத்துட்டவங்க அதுக்கப்புறம் சதை போடறதேயில்லைங்கறதைக் கவனிச்சார். 1966-ல இட்டோங்கறவரோட சேர்ந்து இரைப்பையோட மேல் பக்கத்துல மட்டும் ஒரு சின்னப் பை விட்டு, அதைச் சிறுகுடலோட இணைச்சார். இன்னிக்கு நாம பைபாஸ்னு சொல்றதோட மூதாதை அதுதான். எனக்கு இந்த மேசனைப் பிடிச்சதுக்குக் காரணம் வேற. தான் கண்டுபிடிச்ச ஆபரேஷன் மேலயே அவருக்குச் சந்தேகம். இரும்பும் கால்சியமும் முக்கியமா உறிஞ்சப்படற குடலோட முதல் பகுதியைத் தாண்டிப் போற பாதையாச்சே, 20, 30 வருஷம் கழிச்சு இவங்க எலும்பு என்ன ஆகும்னு கவலைப்பட்டார். அதனால 1980-ல குடல் பக்கமே போகாம, இரைப்பையைச் செங்குத்தா பின் அடிச்சு, வாசல்ல ஒரு பட்டை கட்டற முறைக்குப் போனார். ரொம்பப் பாதுகாப்பா தெரிஞ்சுது. உலகம் முழுக்கப் பரவுச்சு.

அதுவும் ஓடலை. பின் அடிச்ச கோடு வருஷக்கணக்குல விட்டுப்போச்சு. கெட்டியா சாப்பிட்டா அடைக்குதுன்னு ஜனங்க ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்குமா உள்ள தள்ளினாங்க. எந்த அளவு பட்டை கட்டினாலும் ஐஸ்கிரீம் உருகி இறங்கிடும் இல்லையா? எடை திரும்புச்சு. மேசன் சந்தேகப்பட்ட பைபாஸ்தான் நின்னு நிலைச்சது. மனுஷன் 2020-ல நூறு வயசுல காலமானார், இதையெல்லாம் பார்த்துட்டுத்தான்.

ஒவ்வொரு முறையும் ஒரே கதை நடக்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. ரெண்டு வருஷத்துல வெற்றி விழா, பத்து வருஷத்துல வேற செய்தி. பத்து வருஷம் காத்திருந்து எண்ண யாருக்கும் பொறுமை இல்லை.

பொறுமையா எண்ணினது ஸ்வீடன்.

கோத்தன்பர்க் நகரத்துல லார்ஸ் ஷோஸ்ட்ரோம்னு ஒரு பேராசிரியர். 1987 செப்டம்பர் 1-ல ஒரு ஆய்வு தொடங்கினார். எடை குறைச்சா ஆயுள் கூடுமாங்கற ஒத்தைக் கேள்விதான். முறைப்படி சீட்டு குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு இல்லைன்னு பிரிச்சிருக்கணும். நெறிமுறைக் குழுக்கள் அனுமதிக்கலை. அந்தக் காலத்துல ஆபரேஷனுக்கு அப்புறம் இறந்துபோறவங்க அதிகம், சீட்டுல விழுந்துதுன்னு ஒருத்தரைக் கத்தி முன்னாடி படுக்க வைக்க முடியாதுன்னுட்டாங்க. அதனால விரும்பினவங்களுக்கு ஆபரேஷன். வயசு, எடை, சுகர்னு 18 விஷயத்துல அவங்களோட ஒத்துப்போற இன்னொரு கூட்டம் ஒப்பீட்டுக்கு. இதுல ஓட்டை உண்டு, விரும்பி வர்றவங்களும் வராதவங்களும் ஒரே மாதிரி ஆளுங்க கிடையாது. ஆனாலும் இதைவிட நல்ல வழி அப்போ இல்லை.

ஆள் சேர்த்து முடிக்கவே 2001 ஜனவரி ஆயிடுச்சு. 25 அறுவை சிகிச்சைப் பிரிவுகள், 480 ஆரம்ப சுகாதார நிலையங்கள். ஆபரேஷன் கூட்டத்துல 2,010 பேர், ஒப்பீட்டுக் கூட்டத்துல 2,037 பேர். ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 68 சதவீதம் மேசனோட அந்தப் பின் அடிக்கிற முறை, 19 சதவீதம் பட்டை மட்டும், 13 சதவீதம்தான் பைபாஸ்.

முதல் பெரிய முடிவு வந்தது 2007 ஆகஸ்ட்ல. தொடங்கி 20 வருஷம்! சராசரியா ஒரு ஆளுக்குக் கிட்டத்தட்ட 11 வருஷக் கணக்கு. 4,047 பேர்ல 3 பேரைத் தவிர மத்த எல்லாரும் உயிரோட இருக்காங்களா இல்லையான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துது. அந்த நாட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண், எல்லா இறப்பும் அதோட பதிவு. நம்ம ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி தன்னோட பேஷண்ட்டுல பாதிப் பேரை மூணாவது வருஷம் கண்டுபிடிச்சாலே பெரிய விஷயம்னு நினைக்கிறேன்.

எடைக் கணக்கு இதுதான். ஒப்பீட்டுக் கூட்டம் அத்தனை வருஷமும் ஏறக்குறைய இருந்த இடத்துலயே, 3 சதவீதம் கூட மாறலை. பைபாஸ் செஞ்சவங்க முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல சராசரியா 32 சதவீதம் இறங்கினாங்க. பத்தாவது வருஷத்துல அது 25 சதவீதம். பின் அடிச்சவங்க 25-லிருந்து 16-க்கு, பட்டை கட்டினவங்க 20-லிருந்து 14-க்கு. அதாவது *எல்லாக் கோடும்* முதல்ல அதலபாதாளத்துக்கு இறங்கி, அப்புறம் மெதுவா ஏறி, ஒரு இடத்துல படுத்துக்குது.

உடனே கால்குலேட்டரை எடுத்தேன். என் சிநேகிதன் 131-லிருந்து 87, இறக்கம் 33 சதவீதத்துக்கு மேல. இப்போ 99, இறக்கம் 24 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. கோத்தன்பர்க் கோட்டு மேலயே நடந்து வந்திருக்கான் பயபுள்ள!

இதே மாதிரி அமெரிக்காவில யூட்டா மாநிலத்துல இன்னொரு ஆய்வு. பைபாஸ் செஞ்சவங்க சராசரியா ரெண்டாவது வருஷத்துல 45 கிலோ குறைஞ்சிருந்தாங்க, பன்னிரண்டாவது வருஷத்துல 35 கிலோ. அங்கயும் பத்து கிலோ திரும்பியிருக்கு. ஸ்வீடன்ல ஒழுக்கம் கம்மி, யூட்டாவில வாய் நீளம்னா சொல்ல முடியும்? எடை குறைஞ்ச உடம்பு செலவைச் சுருக்கிப் பசியைக் கூட்டும். இப்போ பேசப்படற செமாகுளுடைட் ஊசியிலயும் இதேதான். நிறுத்தின ஒரு வருஷத்துல, குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பினதை ஆய்வுல பார்த்தாங்க.

சரி, உயிர்க் கணக்கு? 2007 முடிவுல ஒப்பீட்டுக் கூட்டத்துல 129 பேர் இறந்திருந்தாங்க, ஆபரேஷன் கூட்டத்துல 101. வித்தியாசம் உண்டு, ஆனா நாம விளம்பரத்துல பார்க்கிற மாதிரி மாயாஜாலம் இல்லை. 2020-ல இன்னும் நீண்ட கணக்கு வந்துச்சு. ஆபரேஷன் செஞ்சவங்களோட ஆயுள் ஒப்பீட்டுக் கூட்டத்தைவிட சுமார் 3 வருஷம் அதிகம். அதே சமயம் ஸ்வீடனோட பொது ஜனங்களைவிட ஐந்தரை வருஷம் கம்மி. நடுவுல நிக்கறாங்க. இந்த ரெண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்ற விளம்பரம் ஒண்ணைக்கூட நான் இதுவரை பார்க்கலை.

சுகர் விஷயத்துலயும் அப்படியே. 1995-ல வட கரோலினாவில போரீஸ்ங்கற சர்ஜன், சுகர் இருந்த 146 பேர்ல 121 பேருக்கு பைபாஸுக்கு அப்புறம் சர்க்கரை அளவு சரியாயிருந்துதுன்னு எழுதினப்போ யாரும் நம்பலை. ஸ்வீடன்லயும் ரெண்டு வருஷத்துல 72 சதவீதம் பேருக்கு சுகர் விலகியிருந்துது. 15-ஆவது வருஷத்துல? 30 சதவீதம். "அப்போ வீண்தானே"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா கண்ணு, கிட்னி, நரம்புன்னு சுகரால வர்ற சேதத்தை எண்ணினா ஆபரேஷன் கூட்டத்துல அது ஏறக்குறைய பாதிதான். திரும்பி வந்த வியாதிகூட, நடுவுல கிடைச்ச ஓய்வைக் கணக்குல வெச்சுக்குது போல.

இப்போ யாரும் சத்தமாச் சொல்லாத பகுதி. 2007-ல ஸ்வீடன் ஆய்வு வந்த அதே இதழ்ல யூட்டாக்காரங்களோட இறப்புக் கணக்கும் வந்துது. பைபாஸ் செஞ்சவங்க மத்தியில மொத்த இறப்பு 40 சதவீதம் குறைவு. ஆனா விபத்து, தற்கொலை மாதிரி வியாதி அல்லாத காரணங்களால இறந்தது 58 சதவீதம் அதிகம். 2018-ல ஸ்வீடன்காரங்களும் தங்க கணக்கைத் திறந்து பார்த்தாங்க. தற்கொலை, தற்கொலை முயற்சி, தன்னைத்தானே காயப்படுத்திக்கிறதுன்னு எல்லாம் சேர்த்து ஆபரேஷன் கூட்டத்துல 87, ஒப்பீட்டுக் கூட்டத்துல 49. குடிப்பழக்கம் இன்னொண்ணு. பைபாஸுக்கு அப்புறம் சாராயம் சீக்கிரமா, அதிகமா ரத்தத்துல ஏறும். முன்னாடி ரெண்டு ரவுண்டு தாங்கினவங்களுக்கு இப்போ ஒண்ணே போதும். பிரச்சினை முதல் வருஷத்துல தெரியாது, ரெண்டாவது வருஷத்துல இருந்துதான் தலை காட்டும். அப்போதான் பல பேர் டாக்டரைப் பார்க்கிறதையே நிறுத்தியிருப்பாங்க. 2,010 பேருக்கு நடுவுல 87-ங்கறது சின்ன எண்தான். ஆனா ராத்திரி பத்தரைக்கு "தோத்துட்டேன்டா"ன்னு ஒருத்தன் போன் பண்ணினப்புறம் அதைச் சின்ன எண்ணா என்னால பார்க்க முடியலை.

1991-ல அமெரிக்க அரசு கூட்டின நிபுணர் குழு, பி.எம்.ஐ 40-க்கு மேல, இல்லைன்னா வேற வியாதியோட 35-க்கு மேலன்னு வரம்பு வெச்சுது. 2022-ல அதைத் தளர்த்திட்டாங்க, ஆசியக்காரங்களுக்கு 27.5-லயே யோசிக்கலாங்கறாங்க. காரணம் இருக்கலாம், நமக்குக் குறைஞ்ச எடையிலயே சுகர் வருது. ஆனா ஸ்வீடன்ல சேர்த்தது பி.எம்.ஐ 34-க்கு மேல இருந்த ஆண்கள், 38-க்கு மேல இருந்த பெண்கள். அவங்களோட 3 வருஷத்தை அப்படியே நம்ம கணக்குல வரவு வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இத்தனையும் படிச்சுட்டு ஒரு ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு தாள்ல அந்தக் கோட்டை வரைஞ்சு காட்டினேன். மேல இருந்து விழுந்து, லேசா ஏறி, படுத்துக்கிற கோடு. எட்டாவது வருஷத்துல ஒரு புள்ளி வெச்சு, "இதான்டா நீ"ன்னேன். ரொம்ப நேரம் அதையே பார்த்தான்.

"அப்போ நான் பாஸா?"

பாஸ் பெயில் தெரியாது, நீ சராசரிடான்னேன். அவனை யாரும் அப்படிச் சொல்லி அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அவங்க வீட்டம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம காபி போட உள்ள போனாங்க. குடி பத்தியும் கேட்டேன். கொஞ்சம் மழுப்பினான், அப்புறம் சொன்னான். அது அவனோட விஷயம், இங்க வேண்டாம்.

போன வாரம் செக்கப்புக்குப் போயிட்டு வந்தான். பி12 அடிமட்டத்துல இருக்காம், இரும்புச்சத்தும் கம்மி. கால் எரிச்சல்னு ஒரு வருஷமா சொல்லிகிட்டு இருந்தது வயசாகறதாலன்னு நினைச்சிருக்கான். பி12 ஊசி ஆரம்பிச்சாச்சு. அடுத்த மாசம் எலும்பு ஸ்கேன்.