வேலிக்குள் கிடைத்த விடுதலை

நாயின் கழுத்து வாரை அவிழ்த்து ஓடவிடுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட திடல்கள் அமெரிக்க நகரங்களில் இன்று சாதாரணம். அவற்றுள் முதலாவது என்று பரவலாகச் சொல்லப்படுவது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979-இல் சோதனை முயற்சியாகத் திறக்கப்பட்ட ஓலோனி நாய்ப் பூங்கா. அரை ஏக்கர் அளவுதான். சுற்றிலும் கம்பிவலை வேலி. செல்லப்பிராணிகளின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு என்று கடந்துவிடலாம். ஆனால் ஊருக்கு நடுவே அந்த நிலம் எப்படிக் காலியாயிற்று என்று கேட்டால் கதை வேறாகிவிடுகிறது.

பார்ட் எனப்படும் மின்ரயில் பாதை பெர்க்லிக்குள் உயர்பாலத்தின் மீது வருவதாகத் திட்டம் இருந்தது. அது ஊரை இரண்டாகப் பிளந்துவிடும் என்று அஞ்சிய மக்கள், கூடுதல் செலவைத் தாங்களே வரியாகக் கட்டுவதாக 1966-இல் வாக்களித்து, பாதையை நிலத்தடிக்கு மாற்றவைத்தார்கள். சுரங்கம் தோண்டுவதற்காக ஹெர்ஸ்ட் அவென்யூவை ஒட்டி வீடுகள் இடிக்கப்பட்டன. மிஞ்சியது, யாருக்கென்று தீர்மானிக்கப்படாத ஒரு நீண்ட நிலப்பட்டை.

இதே ஊரின் இன்னொரு பகுதியில் பல்கலைக்கழகமும் வீடுகளை இடித்து ஒரு மனையைச் சும்மா போட்டு வைத்திருந்தது. 1969 ஏப்ரலில் மாணவர்களும் ஊராரும் அதில் புகுந்து செடி நட்டு, ‘மக்கள் பூங்கா’ என்று பெயரிட்டார்கள். மே 15 விடிவதற்குள் காவலர்கள் வந்து இடத்தைக் கைப்பற்ற, பல்கலைக்கழகம் வேலி போட்டது. அன்று மூண்ட மோதலில் காவலர்கள் சுட்டதில் ஜேம்ஸ் ரெக்டர் என்ற இளைஞர் காயமுற்று, நான்கு நாட்களில் இறந்தார். ஆளுநர் ரொனால்ட் ரீகன் தேசியக் காவல் படையை அனுப்பினார். வேலிக்குள் போக முடியாதவர்கள் ரயில்பாதை நிலத்துக்கு வந்து அங்கே செடி நட்டார்கள். அதற்கு ‘மக்கள் பூங்காவின் இணைப்பு’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இணைப்புதான் பின்னாளில் நகரசபையின் ஓலோனி பூங்கா ஆயிற்று. ஓலோனி என்பது அம்மண்ணின் பூர்வகுடிகளின் பெயர். இடம் போனவர்களுக்குப் பெயர்ப்பலகையாவது கிடைக்கும் என்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம் போலும்.

பத்தே ஆண்டுகளில் வேலியின் பொருள் தலைகீழாக மாறியதுதான் எனக்கு வியப்பு. 1969-இல் வேலி என்றால் அடக்குமுறை. 1972-இல் மக்கள் பூங்காவின் வேலியைக் கூட்டமாகச் சென்று பிடுங்கியே எறிந்தார்கள். 1979-இலோ நாய் வளர்ப்போர் கேட்டுப் பெற்றதே வேலியைத்தான். காரணம் எளிது. ஊருக்குள் நாயை அவிழ்த்துவிடக் கூடாது என்ற சட்டங்கள் இறுகிவந்த காலம் அது. எல்லை வகுத்தால்தான் அதற்குள்ளாவது நாய் ஓடலாம். குழந்தையை அழைத்து வருபவரும் நாயை அழைத்து வருபவரும் ஒரே பூங்காவில் சண்டையின்றி இருக்க, இதைவிட மலிவான ஏற்பாடு இல்லை.

ஆனால் வேலி அப்படியொன்றும் அப்பாவி அல்ல. நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவில் 1990-இல் நாய்த்திடல் அமைந்தது. அந்நகரின் முதல் நாய்த்திடல் அது. அதே பூங்காவில் வீடற்றவர்கள் கூடாரமடித்து வாழ்ந்து வந்தார்கள். 1988 ஆகஸ்டில் அங்கே நள்ளிரவுத் தடையை அமல்படுத்த வந்த காவலர்களின் தடியடி நாடறிந்த கலவரமாயிற்று. 1991 ஜூனில் கூடாரங்கள் முற்றாக அகற்றப்பட்டன. சீரமைப்புக்காக என்று சொல்லிப் பூங்காவைச் சுற்றி வேலியிட்டு மூடினார்கள். காவலர் கண்பார்வையில் மக்களுக்காகத் திறந்து வைக்கப்பட்ட பகுதிகள் சிலவே: குழந்தைகள் விளையாடுமிடம், கூடைப்பந்து ஆடுகளம், நாய்த்திடல்.

1992-இல் பூங்கா மீண்டும் திறந்தபோது, கூட்டங்கள் நடந்துவந்த பழைய இசைமேடை இடிக்கப்பட்டிருந்தது. கூடாரங்கள் இல்லை. நாய்த்திடல் இருந்தது.