நிலையாமையும் சாரச் சரிவும்: அத்திப்பட்டில் வைத்துக் காஞ்சித்திணையைப் படித்தல்

சாவு உறுதி என்று தெரிந்தபின் எதற்காக வாழ்வது என்ற கேள்வியை ஐரோப்பிய மெய்யியல் பெரும்பாலும் தனியொருவரின் கேள்வியாகவே நடத்தியிருக்கிறது. 1927இல் வெளிவந்த ஹைடெக்கரின் 'இருத்தலும் காலமும்' நூலில் ஒருவரின் சாவை இன்னொருவர் ஏற்கவோ பகிரவோ முடியாது. தமிழ்ப் புறத்திணை மரபில் நிலையாமை தனியறையில் எழும் சிந்தனையாக இல்லை. அவையில், அரசனிடம், ஊரார் கேட்கச் சொல்லப்படுகிறது. அந்த மரபை வடசென்னைக்கு அப்பால் அனல்மின் நிலையங்களுக்கு நடுவே இருக்கும் அத்திப்பட்டில் வைத்துப் படிக்க இக்கட்டுரை முயல்கிறது. காஞ்சித்திணை பேசும் நிலையாமை வேறு, தடுத்திருக்கக்கூடிய சாவு வேறு என்பதே என் வாதம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் நிலையாமைத் தத்துவம் கொடுமைக்குத் துணைபோகும்.

தொல்காப்பியர் காஞ்சியைப் பெருந்திணைக்குப் புறமாக வைத்து, நிலையாமையை அதன் பொருளாக்கினார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை அதைப் பகைவரை எதிர்த்து ஊன்றும் போராக மாற்றிவிட்டது. பழைய பொருளில் அத்திணையின் பேரிலக்கியம் மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை அறிவுறுத்த மாங்குடி மருதனார் பாடியது. பத்துப்பாட்டில் மிக நீண்டது, 782 அடிகள். அதில் உலகம் அழியும் என்று நேராகச் சொல்லும் பகுதி மிகச் சிறியது. மீதியில் மதுரை விரிவாக இடம்பெறுகிறது. சங்கைக் கடைந்து வளையல் செய்பவர், மணிகளுக்குத் துளையிடுபவர், பொன்னை உரைத்துப் பார்ப்பவர், செம்பை நிறுத்து வாங்குபவர், துணி விற்பவர் என நாளங்காடியும் அல்லங்காடியும் அடுத்தடுத்து வருகின்றன. நிலையாமை கேட்க உட்கார்ந்த அரசன் முன்னால் உழைப்பாளர் வரிசையாக வந்து போகிறார்கள். இதை வெறும் நகர வருணனை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலையாத உலகில் எது காக்கத் தக்கது என்பதைப் புலவர் தொழில்களின் பெயர் சொல்லிக் காட்டுகிறார். உன் போர்வெறியால் அழியப்போவது இவர்களின் வாழ்வுதான் என்று வேந்தனுக்கு உணர்த்துகிறார்.

புறநானூற்றின் 182ஆம் பாட்டும் இதே திசையில் போகிறது. தமக்கென முயலாமல் பிறர்க்கென முயல்பவர்கள் இருப்பதால்தான் உலகம் நிலைக்கிறது என்பது அதன் கருத்து. பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. கடலில் மாண்டவர் என்பதைத் தவிர அவர் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

அத்திப்பட்டுக்குத் தெற்கே, அதே கடற்கரையில், திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதியடைந்த இடமாக மரபு காட்டுவது அந்த ஊரை. உடல் அழியும், செல்வம் உடன்வராது, ஆகவே துற என்றவர் அவர். சென்னையில் வாழ்ந்த காலத்தில் அதே ஊர்க் கோயிலைப் பாடிய வள்ளலாரோ மரணமிலாப் பெருவாழ்வைப் பேசியவர். அவர் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிப் பசித்தவர்க்குச் சோறிட்டார். மரணத்தை வெல்ல விரும்பியவரும் பிறர் பசியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. பட்டினத்தாரின் வழி பெரிது. ஆனால் அது, விடுவதற்கு ஏதேனும் வைத்திருப்பவனுக்கு உரிய வழி. மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஓர் அறையில் பலரோடு படுத்து எழுபவனிடம் துறவைப் பேசுவதில் பொருளில்லை.

அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்தில் காலை மின்தொடர் வண்டியிலிருந்து இறங்குபவர்களில் பலர் தோள்பையில் தலைக்கவசத்தைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை. 1990களில் இங்கே 630 மெகாவாட் திறனுடன் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தது. பிறகு வல்லூரில் 1,500 மெகாவாட். அடுத்து எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. அந்தக் கட்டுமானத்தில்தான் 2025 செப்டம்பர் 30 அன்று உயரத்தில் கட்டியிருந்த இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள். மாநில அரசு தலா 10 லட்சம் ரூபாயும் ஒன்றிய அரசு தலா 2 லட்சம் ரூபாயும் நிவாரணமாக அறிவித்தன. செய்திகளில் பெயர்கள் வெளிவரத்தான் செய்தன. ஆனாலும் பொது நினைவில் தங்கியது 'வடமாநிலத் தொழிலாளர் ஒன்பது பேர்' என்ற தொடர் மட்டுமே.

இத்தகைய சாவு வீட்டில் 'விதி முடிஞ்சுபோச்சு' என்று சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் சொல்ல அதற்கு முழு உரிமை உண்டு, அது அவர்களைத் தாங்கும் சொல். அதையே வேலை கொடுத்தவரும் அரசும் சமூகமும் சொன்னால் பொய்யாகிவிடும். சாரத்தின் குழாயும் பிடியும் எவ்வளவு எடை தாங்கும் என்பது கணக்கு. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது ஒருவரின் கடமை.

நடுகல் மரபு இங்கே உதவும். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்குரிய படிகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்தில் வெட்டியிருப்பவை சுருக்கமான செய்திகள்: எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்தப் பூசலில், யார் பட்டார். சாவின் காரணம் கல்லிலேயே இருக்கிறது. இன்றைய ஆலை வாசல்களில் பரவலாகக் காண்பது 'விபத்தில்லா நாட்கள்' என்ற பலகை. ஒருவர் இறந்த மறுநாள் அதில் எண் சுழியத்துக்குத் திரும்பும். பிறகு மீண்டும் ஏறும். இறந்தவருக்கு அதில் இடமே இல்லை.

நடுகல் போரைப் புகழ்ந்தது, குறுநிலத் தலைவர்களுக்குப் பயன்பட்டது; அதைத் தொழிலாளருக்குப் பொருத்தினால் விபத்து தியாகமாகிவிடும் என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வலுவானது. ஆநிரை மீட்கப் போனவன் சாவை எதிர்பார்த்தே போனான். சாரமேறியவன் மாலையில் திரும்பிவர ஏறினான். ஆகவே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது புகழ்ச்சியை அல்ல, பெயரும் ஊரும் காரணமும் பொதுவெளியில் நிற்க வேண்டும் என்ற அந்தப் பதிவு முறையை. அந்த விபத்தின்போது நடப்பில் இருந்த 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமும், விபத்துச் சாவை இரு மாநில அதிகாரிகளுக்கும் இறந்தவரின் உறவினருக்கும் தெரிவிப்பதை ஒப்பந்ததாரரின் கடமையாக்கியிருந்தது. காகிதத்தில் இருந்த அந்தக் கடமையை ஊர் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த அலகுகளின் வாசலில் ஒன்பது பெயர்களும், அவர்களின் ஊர்களும், நாளும், சாரம் சரிந்ததற்கு விசாரணை கண்ட காரணமும் தமிழிலும் அவர்களுடைய மொழிகளிலும் வெட்டி வைக்கப்பட வேண்டும். 'தியாகிகள்' என்ற சொல் அதில் வேண்டாம். அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பகுதித் தொழிற்சங்கங்களும் ஊராட்சிகளும் இக்கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும்.