ஆடிப்பெருக்கும் காகிதச் சப்பரமும்



ஆடி பதினெட்டு நெருங்குகிறது. பெங்களூரில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். "டீச்சர், எங்கம்மா சப்பரம் சப்பரம்னு சொல்றாங்க. அது என்னன்னு என் பொண்ணு கேக்குறா. தேர்தானே?" போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் பரீட்சை எல்லாம் கிடையாது.

கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்குத் தேரைவிடச் சிறியதாக ஒன்று இருக்குமே, அதுதான் சப்பரம். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஆடி பதினெட்டு அன்று பிள்ளைகள் ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போகும் சின்ன மர வண்டிக்கும் அதே பெயர். சப்பரத்தட்டி என்றும் சொல்வோம். இப்போது கடையில் செய்து விற்பதை வாங்குகிறார்கள். நான் சிறுமியாக இருந்த 1960களில் எங்கள் ஊரில் வாங்கிய சப்பரம் என்று ஒன்று கிடையாது. திருவையாற்றுக்குக் கிழக்கே ஆற்றோரத்தில் எங்கள் ஊர். ஆடி பிறந்ததுமே வீட்டுத் திண்ணைகளில் வேலை தொடங்கிவிடும். சக்கரமும் அடிப்பலகையும் ஆசாரி வீட்டில் கிடைக்கும், அதற்குக் கூலியாக நெல். மீதி எல்லாம் நாமே செய்ய வேண்டியது. மூங்கிலைச் சிம்பாகச் சீவி, நான்கு மூலையிலும் நட்டு, மேலே வளைத்துக் கட்டினால் கோபுரம். அதன்மேல் பட்டம் விடுகிற கலர்த்தாள். கலசத்துக்கு சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள். உள்ளே பழைய காலண்டரிலிருந்து வெட்டிய முருகனோ பிள்ளையாரோ. மைதாவைக் காய்ச்சிப் பசை செய்வோம். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் சேர்க்க வேண்டும். அது விஷம் என்பதால் அந்தப் பாத்திரத்தை அப்பாயி தனியாக வைத்திருந்தார்.

பசை காய்ச்சியது நான். தாளை மடித்துக் கத்தரித்துப் பூ வெட்டியதும் நான். தெருவில் இழுத்துக்கொண்டு போனது அண்ணன். எங்களுக்கு முளைப்பாரியும் காப்பரிசியும், அவர்களுக்குச் சப்பரம். இதைப் பற்றி அண்ணனிடம் இன்றும் எனக்கு வாக்குவாதம் உண்டு. அவரும் இதைப் படிப்பார், படிக்கட்டும்.

பதினெட்டு அன்று மாட்டுவண்டியில் எல்லோரும் ஏறிக்கொள்வோம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர்ச் சாதம் எல்லாம் தூக்குகளில் வரும். படித்துறையில் பெண்கள் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, காதோலை கருகமணி, பூ, பழம், வெல்லம் கலந்த காப்பரிசி படைத்துக் கும்பிடுவார்கள். தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் பத்திரமாக எடுத்து வைத்திருந்த மணமாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். பிறகு மணலில் வட்டமாக உட்கார்ந்து சாப்பாடு. உல்லாசப் பயணம் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் குடும்பத்துக்கு வருஷத்தில் அப்படி இருந்தது இந்த ஒரு நாள்தான்.

ஏன் ஆடி மாதம்? குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடிக்கும். அந்தத் தண்ணீர் இறங்கிவந்து இங்கே கரை தொட்டு ஓடுவது ஆடியில். நாற்றுவிட வேண்டிய பருவமும் அதுதான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, இந்த வருஷம் சோறு உண்டு என்று குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் அந்தப் பயணம்.

இது எவ்வளவு பழையது? பரிபாடலில் நமக்குக் கிடைத்திருப்பவை 22 பாடல்கள். அவற்றில் 8 வையை ஆற்றைப் பற்றியவை. புதுப்புனல் வரும் செய்தி கேட்டு மதுரை மக்கள் வண்டியிலும் குதிரையிலும் யானையிலும் ஆற்றுக்குக் கிளம்பும் அமளியெல்லாம் அதில் இருக்கிறது. பொன்னால் நண்டு, இறால், வாளைமீன் உருவங்கள் செய்து ஆற்றில் இட்டு, விளைச்சல் பெருகட்டும் என்று வாழ்த்தியிருக்கிறார்கள். செய்து கொண்டுபோய் ஆற்றுக்குக் கொடுக்கும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது. வசதியுள்ளவர்கள் பொன்னில் செய்தார்கள், நாம் கலர்த்தாளில் செய்தோம்.

காவிரிக்கும் சான்று உண்டு. கழார் என்னும் துறையில் புதுப்புனல் விழாவில் ஆடிய ஆட்டனத்தியைக் காவிரி அடித்துக்கொண்டு போனதையும், அவனைத் தேடி ஆதிமந்தி அலைந்ததையும் அகநானூற்றில் பரணர் பாடியிருக்கிறார். ஆதிமந்தி கரிகாலனின் மகள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. ஆறாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது கடைசி பெஞ்சில் அழுதது யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அவர் பெரிய அதிகாரி, பெயர் சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. இதையெல்லாம் வைத்து இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆடி 18 அன்று இதே மாதிரி நடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அந்தப் பாடல்களில் புதுவெள்ளக் கொண்டாட்டம் இருக்கிறது. பதினெட்டு என்ற தேதி இல்லை, சப்பரமும் இல்லை. இப்போது இருக்கும் வடிவம் எப்போது சேர்ந்தது என்பது வேறு கேள்வி.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறு சாப்பிடும் கூட்டம். கதை பத்தாம் நூற்றாண்டு. தொடர் வெளிவரத் தொடங்கியது 1950. ஆனால் கல்கி 1899-இல் மாயவரம் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர். அவர் எழுதியது சோழர் காலத்து ஆடி அல்ல, மேட்டூர் அணைக்கு முன்பு சிறுவனாகத் தான் பார்த்த ஆடி என்பது என் எண்ணம்.

மேட்டூருக்கு முன், பின் என்று ஆடிப்பெருக்கை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் அப்பாயி இரண்டையும் பார்த்தவர். முன்பெல்லாம் தண்ணீர் வருவதை யாரும் அறிவிக்க மாட்டார்கள். இரவில் சத்தம் கேட்கும், காலையில் ஆறு நிறைந்திருக்கும். சில வருஷம் அளவோடு நிற்காது. 1924 வெள்ளத்தில் ஊரே மேட்டுத் தெருவில் ஒண்டியிருந்ததை, நேற்று நடந்த மாதிரி சொல்வார். அதற்கடுத்த ஆண்டு, 1925-இல் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-இல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

அதன்பின் ஆறு தேதி பார்த்து வரத் தொடங்கியது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, மூன்று நான்கு நாளில் கல்லணை, பிறகு நம் வாய்க்கால். ஆடி பதினெட்டுக்கு ஆற்றில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிச் சக்கரம் சொல்லி வைக்கலாம். என் குழந்தைப் பருவம் அந்த நம்பிக்கைக்குள் இருந்தது. இன்னொன்றும் நடந்தது. மேட்டூர் அணைப் பூங்கா, முக்கொம்பு, கல்லணை என்று ஆற்றைக் கட்டிய இடங்களே ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு போகும் இடங்களாகிவிட்டன. மாட்டுவண்டி போய் டவுன் பஸ் வந்தது, பிறகு வேன். தூக்கு போய் டிபன் கேரியர்.

அணை இருந்தாலும் அதற்குமேல் மழையும் இருக்க வேண்டும், கர்நாடகத்திலிருந்து தண்ணீரும் வர வேண்டும். நீர்மட்டம் நன்றாக இறங்கினால் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலையும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும். அங்கே கோபுரம் தெரிந்தால் இங்கே மணல் தெரியும்.

நான் பள்ளியில் ஜூலைக் கடைசி வாரக் கைவேலை வகுப்பில் எப்போதும் சப்பரம்தான் செய்யச் சொல்வேன். 1980களில் நான் கற்றுக்கொடுக்க ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுப்பார்கள். தென்னம்பாளையில் செய்வான் ஒருவன், வாழைமட்டையில் செய்வான் இன்னொருவன், தீப்பெட்டிகளை அடுக்கிக் கோபுரம் எழுப்புவாள் ஒருத்தி. 2002-இல் மேட்டூர் திறக்க செப்டம்பர் ஆகிவிட்டது, 2003-இல் அக்டோபர். அந்த இரண்டாவது வருஷம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் மூங்கில் சிம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். "செஞ்சு எங்க டீச்சர் இழுத்துக்கிட்டுப் போறது?"

டி.வி. வந்தது, செல்போன் வந்தது, பிள்ளைகள் கையால் எதுவும் செய்வதில்லை என்று நம்மவர்கள் புலம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தப் பையனிடம் செல்போன் கிடையாது, கையில் சாமர்த்தியம் நிறைய உண்டு. அவனிடம் இல்லாதது ஆறு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை. 2012-இலும் 2016-இலும் செப்டம்பர்தான். ஆடிப்பெருக்குக்காகவே சில நாளைக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்ட ஆண்டுகளும் உண்டு. படித்துறையில் போர்வெல் குழாய் வைத்துத் தலையில் தெளித்துக்கொண்ட ஆண்டுகளும் உண்டு. எட்டு ஆண்டு என்றால் ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடிக்கும் காலம்.

2012-இல் எங்கள் குடும்பம் பெரியப்பா வயலில் இருந்த போர்செட்டுக்குப் போனது. தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் பிள்ளையார், காப்பரிசி எல்லாம் முறையாக வைத்தோம். "நிலத்துக்குள்ள இருக்கறதும் காவேரிதானே" என்றார் பெரியம்மா. சரியான பேச்சுதான். ஆனால் சாப்பாடு முடிந்ததும் கரண்ட் போய்விட்டது, தண்ணீரும் நின்றுவிட்டது. பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து செல்போன் பார்த்தார்கள். சப்பரத்தை யாரும் கொண்டுவரவில்லை.

தண்ணீர் வரும் ஆண்டுகளில் வேறொரு பயம். மணல் அள்ளிய இடங்களில் ஆற்றுக்குள் பெரிய பள்ளங்கள். மேலே முழங்கால் அளவு ஓடுகிற மாதிரி தெரியும், அடுத்த அடியில் ஆள் மூழ்கும். எங்கள் காலத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எந்தத் துறையில் எங்கே ஆழம் என்று தெரியும். இப்போது பெரியவர்களுக்கே தெரிவதில்லை. பிள்ளையை ஆற்றுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லும் தாயை நான் குறை சொல்ல மாட்டேன்.

2020-இல் எட்டு ஆண்டுக்குப் பிறகு ஜூன் 12-இல் அணை திறந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தது. கொரோனா தடையால் படித்துறைக்குப் போக முடியவில்லை! மாடியில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக் கும்பிட்டோம். அன்றுதான் வீட்டில் அடைந்து கிடந்த என் பேரன் அட்டைப்பெட்டியில் ஒரு சப்பரம் செய்தான். பாட்டில் மூடிகள் சக்கரம், பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளித்தாள் கலசம். மாடியில் நாலு சுற்று இழுத்தான். அடுத்த வருஷமும் தடைதான். ஆனாலும் செய்தான், இந்தமுறை சக்கரத்துக்குத் தேங்காய் ஓடு.

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. ஆகஸ்ட் 3 காலையில் எங்கள் ஊர்ப் படித்துறைக்குப் போகிறோம். படியிலேயே குளியல், யாரும் உள்ளே இறங்கக் கூடாது. கரையில் கயிறு கட்ட அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார். முதல் நாள் மாலை எங்கள் திண்ணையில் சப்பரம் கட்டுவோம். மூங்கில் சிம்பும் பசையும் என் பொறுப்பு. கலர்த்தாள், கத்தரிக்கோல் நீங்கள் கொண்டுவாருங்கள். பெண் பிள்ளைகளும் இழுக்கலாம், இழுக்க வேண்டும். வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், புளிக்காய்ச்சல் எவ்வளவு போட வேண்டும் என்று தெரிய வேண்டும்.