அண்ணாவியாரும் பாலர் பாடசாலையும்

சின்னப் பிள்ளைகளோடு கலைஞர் ஒருவர் இருந்து வேலை செய்வதை வெளிநாட்டு நிறுவனங்கள் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுகிறோம். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பழைய வழக்கம் அந்த எண்ணத்தை ஏற்காது. விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் என்று காரைதீவைப் போற்றுகிறோம். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கிய அண்ணாவிமாரை மட்டும் கல்வி வரலாற்றில் சேர்ப்பதில்லை. மட்டக்களப்புத் தேசத்தில் சிறுவர்கள் ஆடிவந்தது வசந்தன் என்னும் கோலாட்டம். அதன் பாடல்களைத் தி. சதாசிவ ஐயர் 1940இல் நூலாகத் தொகுத்தார். ஆட்டமோ ஏட்டில் அடங்காதது. பிள்ளைகள் கோலோடு சோடி சோடியாக வட்டத்தில் நிற்பார்கள். அண்ணாவியார் மத்தளம் தட்டித் தாளக்கட்டைச் சொல்ல, பாட்டைத் திருப்பிப் படித்தபடியே அடிவைத்து, எதிரே வருபவனின் கோலில் தட்டி இடம் மாறுவார்கள். ஒருவன் பிந்தினால் மற்றவனின் கோல் வெறுங்காற்றில் போகும். பிழை அந்தக் கணமே இருவருக்கும் தெரிந்துவிடும். புள்ளி போட ஆள் தேவையில்லை. எண்ணுவது, இடம் வலம் அறிவது, தன் முறைக்குக் காத்திருப்பது என்று முன்பள்ளிகள் இன்று தனித்தனியே பழக்குபவை அங்கே ஒரே அசைவில் கிடைத்தன.

ஆடியவர்கள் ஆண்பிள்ளைகள்தானே, முன்பள்ளி வயதைத் தாண்டியவர்கள்தானே என்று கேட்கலாம். இரண்டும் உண்மைதான், அதனால் வசந்தனை அப்படியே நாலு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்லவில்லை. எடுக்கவேண்டியது பழக்கும் முறைதான்: முதலில் உடம்பு, பிறகு சொல், எப்போதும் கூட்டமாக. வசந்தன் கோயிலோடு ஒட்டியது, முஸ்லிம்கள் வாழும் மாளிகைக்காட்டுக்கும் நிந்தவூருக்கும் பொருந்தாது என்பது இன்னும் கனமான மறுப்பு. ஆனால் முஸ்லிம் ஊர்களின் பொல்லடியிலும் கோலும் தாளமும் உண்டு, பழக்குபவரும் அண்ணாவியார்தான். பாட்டும் ஆடும் சந்தர்ப்பமும் வேறு, கற்பிக்கும் வழி ஒன்று.

வெளியிலிருந்து வந்த முயற்சிக்கும் உள்ளூர்க் கைகளே தேவைப்பட்டன. 1996இல் மட்டக்களப்பில் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். போர் தின்ற ஊர்களின் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டி நடித்தார்கள். யோசனை வெளியிலிருந்து வந்தது மெய்; பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். அந்தப் பிள்ளைகளின் பேச்சையும் பயத்தையும் அறிந்தவர்களால்தான் அது நடந்தது.

பாலர் பாடசாலைகள் ஆண்டிறுதிக் கலைவிழாவுக்கு ஒருவரை அழைத்து, ஒலிப்பதிவுப் பாட்டுக்குக் கைகாலை அசைக்கப் பழக்கி அனுப்புவது, இப்படிப் பிள்ளைகளோடு இருந்து பழக்குவதற்கு ஈடாகாது. அதற்குச் செலவாகும் பணத்தை மாதக் கொடுப்பனவாக்கி, கிழமைக்கு ஒருநாள் அண்ணாவியார் ஒருவரைப் பாலர் பாடசாலைக்கு வரவழைக்கலாம். பெண்பிள்ளைகளையும் அந்த வட்டத்தில் நிறுத்தலாம்.